ரெண்டு நாளு, ரெண்டு பேரு, 80 சதுரம்: வீட்டுலயே ஒட்டுப்போர்வை தைக்கிறதுக்கு முழு வழிகாட்டி

முதல்லயே சொல்லிடுறேன், இது கட்டில் முழுக்க விரிக்கிற பெரிய போர்வை இல்ல. 36 இஞ்சு அகலம், 45 இஞ்சு நீளம். மடியில போட்டுக்கிட்டு டிவி பாக்கலாம், ஏர்கோன் ரூம்ல கால மட்டும் மூடிக்கலாம், பேரப்புள்ளைய தரையில விட்டு விளையாட வைக்கலாம், அவ்வளவுதான். பெருசா ஆரம்பிச்சு பாதியில சுருட்டி அலமாரிக்குள்ள தள்ளுன போர்வைய நான் மூணு வீட்டுல பாத்திருக்கேன், அதுல ஒண்ணு எங்க வீடு.

நாங்க இருக்கிறது மலேசியாவுல, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டு. தோட்டத்து லயத்த விட்டு தாமானுக்கு (ஊருக்குள்ள இருக்கிற குடியிருப்பு) வந்து பல வருசம் ஆச்சு, புள்ளைங்க ரெண்டும் கோலாலம்பூர்ல வேலை, வீட்டுக்காரரு செம்பனை மில்லுல ஃபிட்டர். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் அவருக்கு சனி ஞாயிறு லீவு கிடைக்கும், அந்த ரெண்டு நாளும் வீடு அப்படியே கம்முன்னு இருக்கும், அவரு ஒரு போனு நான் ஒரு போனுன்னு உக்காந்திருப்போம். கல்யாணமாகி 29 வருசம், பேச வேண்டியத எல்லாம் பேசி முடிச்சாச்சுன்னு ரெண்டு பேருக்குமே ஒரு நெனப்பு. கில்ட்டு, அதான் இந்த ஒட்டுப்போர்வை, தைக்க ஆரம்பிச்சப்புறம்தான் தெரிஞ்சது, இது தனியா செய்யக்கூடிய வேலைதான், ஆனா நாலு எடத்துல கூட ஒரு ஆளு கை கொடுத்தா ரெண்டு மணி நேர வேலை அரை மணியில முடியுது. அந்த நாலு எடத்துல மட்டும் அவரக் கூப்பிடுவேன். மத்த நேரம் அவரு பாட்டுக்கு அவரு. எந்த எடம்னு போகப் போக சொல்றேன்.

வெள்ளி ராத்திரி: துணி

கில்ட்டுங்கிறது மூணு அடுக்கு. மேல துண்டுத்துணிய ஒட்டுப்போட்டு தைச்ச முகம், நடுவுல மெல்லிசா பஞ்சுத்தகடு (கடையில பேட்டிங்னு கேளுங்க, சில பேரு வேடிங்னும் சொல்வாங்க), அடியில ஒரே துணி. மூணையும் சேத்து மேல இருந்து அடி வரைக்கும் நூல் ஓடணும், அந்தத் தையலுக்குத்தான் கில்ட்டிங்னு பேரு. வெறும் ஒட்டுத்துணிய மட்டும் தைச்சா அது பேட்ச்வொர்க், இன்னும் போர்வையாகல.

நமக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. எங்க பாட்டி தோட்டத்துல கோதுமை மாவு சாக்க வெளுத்து ரெண்டு பழைய சேலைக்கு நடுவுல வச்சு கையாலயே நூல் ஓட்டி புள்ளைங்களுக்கு விரிப்பு தைச்சவங்க. வங்காளத்துல இதையே காந்தான்னு சொல்றாங்க, பழைய சேலைய அடுக்கி ஓட்டுத்தையல் போடுறது. அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊரு, ஆறு வளைஞ்சு போற எடத்துல இருந்த பழைய பருத்தித் தோட்டம். அங்க தோட்டத்துலயே பொறந்து வளந்த கறுப்பினப் பொம்பளைங்க புருசன் போட்டுத் தேஞ்ச வேலைச்சட்டை, கிழிஞ்ச ஜீன்ஸு இதையெல்லாம் வெட்டி குளிருக்குத் தைச்ச போர்வைங்க 2002-ல ஹூஸ்டன் மியூசியத்துல சுவத்துல தொங்குச்சு, 2006-ல அமெரிக்கா அதப் போட்டு தபால்தலையே விட்டுச்சு. நான் இத அவருகிட்ட சொன்னப்ப, "அப்ப உங்க பாட்டி விரிப்பையும் தூக்கி எறிஞ்சிருக்கக் கூடாதுலா" அப்படின்னாரு. உண்மைதான்.

சரி, துணிக்கு வருவோம். காட்டன் மட்டும் எடுங்க. அஞ்சு டிசைன், ஒவ்வொண்ணுலயும் 30 சென்டி போதும். 44 இஞ்சு அகலத் துணியில கரைய விட்டுட்டா குறுக்கால 8 சதுரம் வரும், 30 சென்டியில ரெண்டு வரிசை, ஆக 16. அஞ்சு துணிக்கு 80 ஆச்சு. அடித்துணிக்கு ஒன்றரை மீட்டர், ஓரப்பட்டைக்கு 40 சென்டி, பேட்டிங் 1.3 மீட்டர். இந்த அளவுக்கு ஏன் தைக்கச் சொல்றேன்னா அடித்துணிக்கு ஒட்டே போட வேணாம், கடைத்துணியோட அகலமே பத்தும்.

புதுசாத்தான் வாங்கணும்னு இல்ல. பழைய பாத்திக் கைலி அருமையா இருக்கும், துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆயிருக்கும், ஆனா உக்கார்ற எடம் தேஞ்சு போயிருக்கும், வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாத்து அந்தப் பகுதிய விட்டுடுங்க. எங்க தாமான்ல பாஜு கூரோங் தைக்கிற மலாய்க்கார அக்கா பை நிறைய துண்டுத்துணி கொடுப்பாங்க, காயின் பெர்ச்சான்னு அவங்க சொல்றது. அதுல பாதி வழவழன்னு பாலியஸ்டரா இருக்கும், அது மிஷின்ல வழுக்கும், அயன் பட்டா சுருங்கும். சந்தேகமா இருந்தா ஒரு நூல உருவி கழுவுற தொட்டி மேல வச்சு கொளுத்திப் பாருங்க, காகிதம் எரியுற வாசம் வந்து சாம்பலா உதிர்ந்தா காட்டன், உருகி கருப்பா உருண்டை பிடிச்சா பாலியஸ்டர். அம்மா ரப்பர் பால் வெட்டப் போட்டுக்கிட்டுப் போன சட்டை ஒண்ணு பத்திரமா வச்சிருந்தேன், ஆசையா வெட்டி அயன் பண்ணுனா பால் கறை இருந்த எடமெல்லாம் பிசுபிசுன்னு அயன்ல ஒட்டிக்கிச்சு. ஞாபகத்துக்குச் சேக்கிறதா இருந்தா கறை படாத கை, காலர் பக்கம் எடுங்க.

கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு சொன்னது இந்த வேலைக்கு ரொம்பப் பொருந்தும். எல்லாத் துணியையும் வெள்ளிக்கிழமையே அலசிடுங்க. சிவப்பு, நீலம், பாத்திக் எல்லாத்தையும் தனித்தனியா. ஈரமா இருக்கும்போது ஒரு வெள்ளைத் துணிய வச்சு அழுத்துங்க, கலரு ஏறுனா இன்னொரு தடவை அலசுங்க, மூணு தடவைக்கு மேலயும் போச்சுன்னா அந்தத் துணிய மறந்துடுங்க. என் முதல் போர்வையில ஒரு சிவப்புத் துணி, கடைக்காரரு சாயம் போகாதுன்னு அடிச்சு சொன்னாரு, நானும் அலசாம தைச்சேன், முதல் துவைப்புல வெள்ளைச் சதுரமெல்லாம் ரோஸாயிடுச்சு. அவரு அதப் பாத்துட்டு "பரவால்ல, டிசைன்னு நெனச்சுக்க" அப்படின்னாரு. ரெண்டு நாளு நான் பேசல.

நம்ம ஊரு மழையில ராத்திரி போட்ட துணி காலையில காயாது, ஃபேன் அடியில கட்டுங்க.

இலவம் பஞ்ச நடுவுல போடலாமான்னு கேப்பாங்க. வேணாம். தலையணைக்கு அது சரி, போர்வையில ஒரு மாசத்துல உருண்டு ஒரு மூலையில சேந்துக்கும். மெல்லிசான காட்டன் பேட்டிங்கே நம்ம வெக்கைக்குப் போதும், கிடைக்கலன்னா தேஞ்ச ஃபிளானல் போர்வை ஒண்ண நடுவுல வைங்க. எனக்கு ஈப்போ வரைக்கும் போனாத்தான் நல்ல பேட்டிங் கிடைக்குது. பை மேல எத்தனை இஞ்சுக்குள்ள தையல் ஓடணும்னு போட்டிருக்கும், அதப் படிச்சுட்டு வாங்குங்க.

சனி காலை: வெட்டு

துணிய லேசா ஈரம் தெளிச்சு அயன் பண்ணுங்க. இழுத்துத் தேய்க்காதீங்க, வச்சு அழுத்தி எடுங்க, இழுத்தா நூல் கோணிக்கும்.

சதுரம் 5 இஞ்சுக்கு 5 இஞ்சு. ரோட்டரி கட்டர் (வட்ட பிளேடு உருளுற கத்தி), அடியில விரிக்கிற வெட்டுப் பாய், கண்ணாடி மாதிரி ஸ்கேலு மூணும் இருந்தா நாலு மடிப்பா வச்சு ஒரே இழுப்புல வெட்டலாம். இல்லன்னா கெட்டி அட்டையில சரியா 5 இஞ்சு சதுரம் வெட்டி, தேஞ்ச சோப்புத் துண்டால கோடு போட்டு கத்தரிக்கோலால வெட்டுங்க, மெதுவா ஆகும், தப்பில்ல. ரோட்டரி கட்டர் வச்சிருக்கிறவங்க ஒவ்வொரு வெட்டுக்கும் அப்புறம் பிளேட மூடிடுங்க, அது சவரக்கத்தி மாதிரி, கீழ விழுந்தா காலத்தான் தேடும்.

அவரக் கூப்பிடுற முதல் எடம் இதுதான். நான் வெட்ட, அவரு அளந்து பாத்து அடுக்க. இங்கதான் எங்களுக்குள்ள ஒரு சண்டையும் வரும், நான் இஞ்சு, அவரு மில்லிமீட்டர். "5 இஞ்சுன்னா 127, இது 125 தான் இருக்கு, ரிஜெக்ட்டு" அப்படின்னு தனியா ஒரு குவியலே வச்சாரு. மில்லுல பேரிங் மாத்துற ஆளுகிட்ட துணி இழுபடும்னு சொல்லிப் புரிய வைக்க முடியல. ஆனா அவரு தள்ளி வச்ச 11 சதுரத்தையும் நான் பின்னாடி தைச்சுப் பாத்தேன், ஒரு மூலையும் சேரல. அன்னிலேர்ந்து அளவு அவரு டிப்பார்ட்மென்ட்டு.

ஓரப்பட்டையையும் இப்பவே வெட்டி வச்சிருங்க, இரண்டரை இஞ்சு அகலத்துல 5 பட்டை, துணியோட முழு அகலத்துக்கு.

சனி மதியம்: தரையில பரப்புறது

சாப்பாட்ட சிம்பிளா வைங்க. நான் அன்னிக்கு சமைக்கிறதே இல்ல, அவரு போய் நாசி லெமாக் புங்குஸ் பண்ணி (பொட்டலமா வாங்கி) வந்துடுவாரு, கை நல்லா கழுவிட்டுத்தான் துணியத் தொடணும், சம்பல் எண்ணெய் பட்டா போகாது.

ஹாலுல மேசைய ஓரமாத் தள்ளிட்டு 8 குறுக்க, 10 நெடுக்க பரப்புங்க. ஒரே டிசைன் பக்கத்துல பக்கத்துல வரக்கூடாது, கரும் கலரு ஒரே பக்கமா குவியக்கூடாது, இந்த ரெண்டு போதும். ரெண்டாவது எடம் இது. ஒருத்தரு பரப்ப, ஒருத்தரு தூரத்துல நின்னு பாக்க. கண்ண லேசா சுருக்கிக்கிட்டுப் பாக்கச் சொல்லுங்க, இல்ல போன்ல படம் எடுத்து கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க, எங்க இருட்டு சேந்திருக்குன்னு சட்டுன்னு தெரியும். எங்க வீட்டுல அவரு சோபா மேல ஏறி நின்னுக்கிட்டு "அந்தப் பச்சைய தூக்கி மேல வையி, இல்ல இல்ல, பழைய எடத்துலயே வையி" அப்படின்னு அரை மணி நேரம். மின்னல் எஃப்எம்-ல பழைய பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும். நான் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சுன்னு சொன்னதும் எடம் மாறிக்கிட்டோம். அவரு தரையில முட்டி போட்டு உக்காந்து ஒவ்வொரு சதுரமா நகத்துறத சோபா மேல இருந்து பாத்தா, தலையில இவ்வளவு நரை எப்ப வந்துச்சுன்னு இருந்துச்சு. அத சொல்லல, "ரெண்டாவது வரிசையில பூவு தலைகீழா இருக்கு"ன்னு மட்டும் சொன்னேன்.

ஒவ்வொரு வரிசையோட முதல் சதுரத்துலயும் நம்பரு எழுதுன சின்னக் காகிதத்த ஊக்கு போட்டு மாட்டி, வரிசை வரிசையா அடுக்கி எடுங்க. அடுக்குறதுக்கு முன்னாடி படம் எடுத்துக்கோங்க. ஃபேன ஆஃப் பண்ணிட்டுப் பரப்புங்க, இது சொல்லாமலே தெரியணும், எனக்குத் தெரியல.

சனி சாயங்காலம்: முகம் தைக்கிறது

இந்த வேலையில உயிர்நாடி கால் இஞ்சுதான். ஒவ்வொரு ஒட்டுலயும் தையலுக்கு வெளிய கால் இஞ்சு துணி நிக்கணும். அதனாலதான் 5 இஞ்சு சதுரம் தைச்சு முடிஞ்சா நாலரை இஞ்சா தெரியும், 8 நாலரை 36, 10 நாலரை 45, கணக்கு அப்படி. ஒவ்வொரு தையலுக்கும் அரை மில்லி கூடுனாலும் ஒரு ஒட்டுக்கு ரெண்டு பக்கமும் சேத்து ஒரு மில்லி, நெடுக்க 9 ஒட்டுக்கு 9 மில்லி, ஒரு வரிசை பெருசு ஒரு வரிசை சின்னதுன்னு கோணிக்கிட்டு நிக்கும். என்கிட்ட இருக்கிறது அம்மாவோட பழைய சிங்கர் கால் மிஷின், அதுல கால் இஞ்சு ஃபுட்டு (துணிய அழுத்திப் பிடிக்கிற பாதம்) எல்லாம் கிடையாது. அவரு வேலைப் பையிலேர்ந்து வெர்னியர (நுணுக்கமா அளக்குற கருவி) எடுத்துட்டு வந்து, ஊசிய கீழ இறக்கச் சொல்லி, ஊசியிலேர்ந்து சரியா 6.35 மில்லி அளந்து மிஷின் தகட்டுல மாஸ்கிங் டேப்ப நாலஞ்சு அடுக்கா ஒட்டிக் கொடுத்தாரு. துணி ஓரம் அந்த மேட்டுல முட்டிக்கிட்டே போகும், கண்ண மூடிக்கிட்டுத் தைச்சாலும் கோடு மாறாது. இத நான் கேக்கவே இல்ல. நீங்களும் இப்படியே செய்யுங்க, வெர்னியர் இல்லன்னா ஸ்கேல ஊசி நுனியில முட்ட வச்சு அளங்க.

ரெண்டு சதுரத்த நல்ல பக்கம் உள்ள பாக்க சேத்து, தையல் நீளம் 2.5 மில்லியில தைங்க. ஒண்ணு முடிஞ்சதும் நூல வெட்டாம அடுத்த ஜோடிய விட்டுக்கிட்டே போங்க, தோரணம் மாதிரி தொங்கிக்கிட்டு வரும், கடைசியில வெட்டிக்கலாம், நூலும் மிச்சம் நேரமும் மிச்சம். ஒரு வரிசை முடிஞ்சதும் ஒட்டுகள அயன்ல ஒரே பக்கமா சாய்ங்க: ஒத்தைப்பட வரிசையெல்லாம் இடது பக்கம், ரெட்டைப்பட வரிசையெல்லாம் வலது பக்கம். அப்பத்தான் ரெண்டு வரிசைய சேக்கும்போது ஒட்டும் ஒட்டும் ஒண்ணோட ஒண்ணு பல்லு மாதிரி மாட்டிக்கும், விரலால தடவுனாலே உக்காந்துச்சான்னு தெரியும், நாலு மூலையும் ஒரே புள்ளியில வரும். அந்த எடத்துல குண்டூசி குத்தித் தைங்க, ஊசி கிட்ட வரும்போது எடுத்துடுங்க.

ராத்திரி பத்து மணிக்கு மேல தைக்காதீங்க. தூக்கத்துல தைச்சத பிரிக்கிறதுக்கு தைச்சத விட மூணு மடங்கு நேரம் ஆகும்.

ஞாயிறு காலை: மூணையும் சேக்கிறது

மூணாவது எடம், இதுக்கு ஆளு கட்டாயம் வேணும். டைல்ஸ் தரைய நல்லா துடைச்சு, அடித்துணிய நல்ல பக்கம் கீழ பாக்க விரிங்க, ஆளுக்கு ஒரு பக்கம் நின்னு எதிரும் புதிருமா இழுத்து மாஸ்கிங் டேப்பு ஒட்டுங்க. விறைப்பா இருக்கணும், ஆனா நீளக்கூடாது, எடுத்து விட்டா சுருங்குற அளவுக்கு இழுத்தா கடைசியில போர்வையே சுருங்கிக்கும். அது மேல பேட்டிங்க போட்டு நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் தடவுங்க, அப்புறம் முகத்த நல்ல பக்கம் மேல வச்சு தடவுங்க. அடித்துணி சுத்தி மூணு இஞ்சாவது மிஞ்சணும்.

இப்ப ஊக்கு. நடுவுல ஆரம்பிச்சு கை அகலத்துக்கு ஒண்ணு, நாலு இஞ்சுக்கு மேல போகாம. ஒருத்தரு ஒரு பக்கம், ஒருத்தரு எதிர்ப் பக்கம், ரெண்டு பேரும் முட்டி போட்டு ஒரே துணிய பாத்துக்கிட்டு. இந்த ஒரு மணி நேரத்துலதான் நாங்க அதிகமா பேசுறோம். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல, கைக்கு வேலை இருக்கு, முகத்தப் பாக்க வேண்டியதில்ல, அதனாலயா இருக்கலாம். மில்லுல ஷிப்ட் மாறப்போறத அவரு இங்கதான் சொன்னாரு. மக கூட நான் போன்ல சண்டை போட்டத நான் இங்கதான் சொன்னேன். "விடும்மா, அவளே கூப்பிடுவா"ன்னு சொல்லிட்டு ஒரு ஊக்க அவரு விரல்லயே குத்திக்கிட்டாரு. துணியில ரத்தம் பட்டா உடனே பச்சைத் தண்ணியால ஒத்தி எடுங்க, சுடுதண்ணி வேணாம், கறை நின்னுடும்.

ஊக்கு இல்லன்னா நீளமா கச்சாத் தையல் போடுங்க, அதுவும் நடுவுலேர்ந்து சூரியக் கதிரு மாதிரி வெளிய போகணும்.

ஞாயிறு பகல்: கில்ட்டிங்

புதுசா தைக்கிறவங்களுக்கு நேர்கோடு போதும். ஒட்டு மேலயே தைக்கலாம்னு நிறைய பேரு சொல்வாங்க, என்னோட அனுபவத்துல அதுதான் கஷ்டம், கொஞ்சம் விலகுனாலும் பளிச்சுன்னு தெரியும். ஒட்டுக்கு கால் இஞ்சு தள்ளி ரெண்டு பக்கமும் தைங்க, இல்லன்னா மூலைக்கு மூலை சாய்வா மாஸ்கிங் டேப்பு ஒட்டி அதோட ஓரமா போங்க. தையல் நீளம் 3-க்கு ஏத்திக்கோங்க, ஊசி புதுசா 90 நம்பரு. வாக்கிங் ஃபுட் இருந்தா மாட்டுங்க, மூணு அடுக்கையும் ஒண்ணா இழுக்கும். இல்லன்னா ஃபுட்டு அழுத்தத்த குறைச்சு மெதுவா விடுங்க. நடுக்கோட்ட முதல்ல, அப்புறம் ஒரு பக்கம், அப்புறம் மறு பக்கம், ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சா நடுவுல துணி முட்டிக்கிட்டு மடிப்பு விழும்.

நாலாவது எடம்: போர்வைய ரெண்டு பக்கமும் சுருட்டி மிஷின்ல விட்டா மறுபக்கம் தொங்குற கனம் தையல இழுக்கும், கோடு கோணும். அவரு எதிர்ல ஒரு நாற்காலி போட்டு உக்காந்து, வர்ற துணிய கையில தாங்கிக்கிட்டா போதும். இழுக்கக் கூடாது, தாங்கணும். இத முதல் தடவை நாலு வாட்டி சொல்ல வேண்டியிருந்துச்சு.

மிஷினே இல்லாதவங்க கெட்டி காட்டன் நூலு, பெரிய கண்ணு ஊசி எடுத்து கையால ஓட்டலாம், ரெண்டு நாளு பத்தாது, ஆனா பாட்டி விரிப்பு மாதிரி அழகா இருக்கும்.

ஞாயிறு சாயங்காலம்: ஓரப்பட்டை

மிஞ்சுன பேட்டிங்கையும் அடித்துணியையும் முகத்தோட சமமா வெட்டிடுங்க. 5 பட்டையையும் சாய்வா ஒட்டுப்போட்டு ஒரே நீளமாக்கி, நீளவாக்குல ரெண்டா மடிச்சு அயன் பண்ணுங்க. மடிப்பு உள்பக்கம், வெட்டு ஓரம் போர்வையோட முகப்பக்க ஓரத்துக்கு, கால் இஞ்சுல தைங்க. ஆரம்பத்துல ஒரு முழம் தொங்க விட்டுட்டு ஆரம்பிங்க, கடைசியில ரெண்டு நுனியையும் சேக்கிறதுக்கு.

மூலையிலதான் எல்லாரும் மாட்டிக்கிறது. மூலைக்கு கால் இஞ்சு முன்னாடியே தையல நிறுத்தி நூல வெட்டுங்க. போர்வைய திருப்புங்க. பட்டைய நேரா மேல பாக்க மடிங்க, மூலையில சாய்வா ஒரு கோடு விழும். இப்ப அப்படியே கீழ மடிங்க, மேல் மடிப்பு போர்வை ஓரத்தோட சமமா நிக்கணும். அந்த ஓரத்துலேர்ந்து திரும்ப தைக்க ஆரம்பிங்க. திருப்பிப் போட்டா மூலை தபால் கவரு ஓரம் மாதிரி கூர்மையா நிக்கும். அப்புறம் பட்டைய பின்பக்கம் திருப்பி கையால ஹெம்மிங் பண்ணுங்க, இத மட்டும் நான் டிவி முன்னாடி உக்காந்து பண்ணுவேன், போர்வையோட மறுபாதி அவரு கால் மேல கிடக்கும்.

முடிஞ்சதும் பச்சைத் தண்ணியில தனியா ஒரு அலசு, நிழல்ல படுக்க வச்சு காய வைங்க, கொடியில தொங்க விட்டா ஈரக் கனத்துல நீண்டுக்கும். நல்லா காயாம மடிச்சு வச்சா ஒரே வாரத்துல பூஞ்சை வாசம் வரும். கைக்குழந்தைக்கு கொடுக்கிறதா இருந்தா ஒரு வயசு வரைக்கும் தூங்கும்போது போத்தாதீங்க, முழிச்சிருக்கும்போது தரையில விரிக்க மட்டும்.

எங்க போர்வையில அந்தத் தலைகீழ்ப் பூவு இன்னும் அப்படியேதான் இருக்கு, சொல்லியும் அவரு மாத்தல, கில்ட்டிங் எல்லாம் முடிச்சப்புறம்தான் நானே பாத்தேன். அடுத்ததுக்கு அவரோட பழைய மில்லு யூனிஃபார்ம் ரெண்ட கேட்டு வச்சிருக்கேன். கிரீஸ் கறை இல்லாத எடம் எதுன்னு அளந்து பாத்துட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காரு.